கன்றோடு வரும் குளவி

தைலமரக் கன்றின் இளந்தளிரைப் பிடித்துப் பார்த்தால் சில சமயம் நடுநரம்பில் வரிசையாகச் சிறு முடிச்சுகள் தட்டுப்படும். முதலில் பச்சை, பிறகு இளஞ்சிவப்பு, கடைசியில் பழுப்பு. பழுத்த முடிச்சில் ஊசி குத்தியதுபோல வட்டமான துளை தெரிந்தால் உள்ளே இருந்த குளவி வெளியேறிவிட்டது என்று பொருள். குளவியின் நீளம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஆண் துணை இல்லாமலேயே பெண் குளவி முட்டையிடும். அது தளிரைத் தேடிப்பிடித்து முட்டையிடுவதால் இலை சுருளும், கொழுந்து வளையும், கன்று குட்டையாகவே நின்றுவிடும்.

லெப்டோசைப் இன்வேசா என்ற இந்தக் குளவியின் தாயகம் ஆஸ்திரேலியா. அறிவியல் அதற்குப் பெயர் வைத்ததே 2004-இல்தான். அதற்கு முன்பே, 2000-களின் தொடக்கத்தில், கர்நாடகத்தின் மண்டியா பகுதியில் அது தென்பட்டுவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பரவியது. இவ்விரு மாநிலங்களின் எல்லையிலுள்ள பள்ளிப்பட்டுப் பகுதி 1960-இல் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. வரைபடத்தில் அன்று மாறிய கோடு பூச்சிக்குத் தெரியாது. ஆந்திரத்தின் நகரி, புத்தூர்ப் பக்கத்து நாற்றங்காலில் ஒரு பூச்சி புகுந்தால், பள்ளிப்பட்டில் கன்று வாங்கி நடுகிறவருக்கும் அது கவலைதான்.

தைலமரம் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்ற வழக்கு தனியாக நடக்கட்டும். காகித ஆலைக்கு மரம் கொடுப்பதை நம்பிப் பட்டா நிலத்தில் நட்டவருக்கு அந்த வாதம் சோறு போடாது. அவருக்கு வேண்டியது பூச்சி இல்லாத கன்று. குளவியின் புழு முடிச்சுக்குள் பாதுகாப்பாக இருப்பதால் மருந்து தெளிப்பு பெரும்பாலும் வீண். ஒரே குளோனை ஏக்கர் கணக்கில் நடும் பழக்கம் பூச்சிக்கு விருந்து வைக்கிறது. தாக்குதலைத் தாங்கும் குளோன்கள் உண்டு, எளிதில் அடிபடுபவையும் உண்டு. இதைச் சொல்லாமல் கன்று விற்பது சரியில்லை.

இயற்கை எதிரியைக் கொண்டு அடக்கும் வழி நமக்குப் புதிதல்ல. 1928-இல் நீலகிரியின் சீகை மரங்களில் ஆஸ்திரேலியச் செதில்பூச்சி ஒன்று பரவியது. அதே பூச்சி 1880-களில் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் நிலைக்குக் கொண்டுபோனபோது, ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்த ஒரு பொறிவண்டு அதைத் தின்று அடக்கியிருந்தது. நீலகிரிக்கும் அந்த வண்டையே தருவித்தார்கள். தைலமரக் குளவிக்கு எதிராகவும் பெங்களூரு ஆய்வு நிறுவனம் ஒன்று இஸ்ரேலிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்தது.

ஆனால் இந்த உதவி எப்போதும் பூச்சிக்குப் பின்னால்தான் வந்து சேர்கிறது. 2008-இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியையும் மல்பெரியையும் சூறையாடியது. அதன் எதிரியான ஒட்டுண்ணி போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தது 2010-இல். இடைப்பட்ட காலத்தின் நட்டம் முழுவதும் விவசாயி தலையில் விழுந்தது.

எனவே காவல் நாற்றங்காலிலேயே தொடங்க வேண்டும். வேளாண் பூச்சி, நோய்களைத் தடுக்க தமிழ்நாட்டில் 1919-லேயே சட்டம் வந்துவிட்டது. இறக்குமதியாகும் செடிகளுக்கு 2003-இன் மத்திய அரசு ஆணை இருக்கிறது. உள்நாட்டில் லாரியேறும் மரக்கன்றுக்கும் அதே கண்டிப்பு வேண்டும். முடிச்சு கண்ட தொகுதியை விற்பனைக்கு விடாமல் எரிக்க வேண்டும். இழப்பீடு இல்லையென்றால் நாற்றங்கால்காரர் மறைக்கவே செய்வார், ஆகவே அதற்கு நிதியும் ஒதுக்க வேண்டும். ஒரு தோப்பில் குறைந்தது மூன்று, நான்கு குளோன்களைக் கலந்து நடப் பரிந்துரைக்க வேண்டும். திருவள்ளூர், சித்தூர், திருப்பதி மாவட்ட வனத்துறைகள் புதிய பூச்சி தென்பட்ட அந்த வாரமே ஒன்றுக்கொன்று தகவல் சொல்ல ஏற்பாடு வேண்டும். கோவை வன மரபியல் நிறுவனத்தின் பூச்சியியலாளர்கள் மழைக்கால நடவுக்கு முன் எல்லையோர நாற்றங்கால்களைச் சுற்றிவர ஆகும் செலவு, பட்டுப்போன தோப்பைப் பிடுங்கி மறுபடி நடும் செலவுக்கு முன் அற்பம்.