காவலனையும் சோதிக்கக் கற்பிப்போம்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்ரயிலில் சானடோரியத்திலும் குரோம்பேட்டையிலும் ஏறி இறங்கும் இளைஞர்களில் பலர் கணினி நிரல் எழுதுவதையே ஜீவனமாகக் கொண்டவர்கள், அல்லது கொள்ளப் போகிறவர்கள்; அவர்களுக்கு நிரல் எழுதக் கற்பிக்கும் நம் கல்லூரிகள், அந்நிரலைப் பரிசோதிக்கும் கருவி சொல்வதற்கு எவ்வாறு பொருள் கொள்வது என்பதைக் கற்பிப்பதில் சிரத்தை காட்டவில்லை என்பதே என் மனக்குறை.

சி மொழியில் ஒரு சார்புக்குள் சாதாரண மாறி ஒன்றை அறிவித்துவிட்டு மதிப்புத் தராமல் விட்டால், அந்த நினைவக இடத்தில் முன்பு இருந்த ஏதோ ஓர் எண்ணே மிச்சமாகக் கிடக்கும். ஜூலியன் சீவர்டு 2002-இல் வெளியிட்ட வால்கிரைண்டின் மெம்செக் என்னும் கருவி, ஒவ்வொரு பிட்டும் மதிப்புப் பெற்றதா இல்லையா என்று ஒரு நிழற்கணக்கு வைத்துக்கொண்டு, அந்த எண் படியெடுக்கப்படும்போதும் கூட்டிக் கழிக்கப்படும்போதும் மௌனமாகப் பின்தொடர்ந்து, நிரல் அதை வேறொன்றுடன் ஒப்பிட்டு எந்த வழியில் செல்வதென்று தீர்மானிக்கும் கணத்திலேயே பெரும்பாலும் வாய் திறக்கிறது. ஆகையால் அறிக்கை சுட்டும் வரி ஒன்று, பிழை பிறந்த வரி வேறொன்று. ஒப்பீட்டிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மின் இணைப்பு எண் எழுதிய இரு சீட்டுகளில் ஒன்றின் கடைசி இலக்கங்கள் மழையில் அழிந்திருந்தாலும், முதல் இலக்கங்களே வேறுபடுமாயின் இரண்டும் ஒன்றல்ல என்று சந்தேகமின்றிச் சொல்லலாமன்றோ? அழிந்த இலக்கம் இருக்கிறது என்பதற்காகவே கூக்குரலிடும் கருவி வீணாக அச்சுறுத்துகிறது. மெம்செக் இந்த வேறுபாட்டை அறிய முயல்கிறது.

எச்சரிக்கையின் காரணத்தை முற்றும் அறியாமல் அதை அடக்கினால் நேர்வது என்ன என்பதற்கு டெபியன் லினக்ஸ் இயங்குதளமே சாட்சி. 2006-இல் அதன் பராமரிப்பாளர் ஒருவர், மூல நிரலாளர்களிடம் கேட்ட பின்னரே, இத்தகைய எச்சரிக்கையை நீக்கும் பொருட்டு மறையாக்கத்திற்குப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் இரண்டு வரிகளை விலக்கினார். ஒன்று போனதில் நஷ்டமில்லை, மற்றொன்றோ இரகசியச் சாவிகளுக்கு வேண்டிய எதேச்சை எண்கள் உள்ளே புகும் பிரதான வாயில். எஞ்சி நின்ற நிச்சயமின்மை, ஓடும் நிரலுக்கு இயங்குதளம் இடும், 32,768-ஐத் தாண்டாத செயல் எண் ஒன்றே. 2008 மே 13 அன்று அறிவிக்கப்படும் வரை டெபியனில் இவ்வாறு உருவான பலவீனமான சாவிகள் உலகெங்கும் புழங்கின. எங்கோ நடந்த கதை என்று இதைத் தள்ளிவிட இயலாது, குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்து ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையமும் சென்னை சி-டாக்கும் பங்கேற்ற தேசிய வள மையத்தின் முயற்சியில் 2007-இல் வெளிவந்த பாஸ் இயங்குதளம் அந்த டெபியனை அடித்தளமாகக் கொண்டதே.

நான் வேண்டுவது பெரிய பாடத்திட்டம் அன்று, ஒரு பிற்பகல் ஆய்வக வகுப்பு. மதிப்பில்லாத மாறியைப் படியெடுக்க மட்டும் செய்யும் நிரல், அதை ஒப்பிடும் நிரல், அறிந்த பிட்டுகளே வேறுபடும் ஒப்பீடு, அறியாத பிட்டுகளை நம்பியே முடிவு காணும் ஒப்பீடு என இருபது வரிக்கு மேற்படாத நான்கு நிரல்களை மாணவர் தாமே எழுதி, எதில் கருவி பேசும், எதில் பேசாது என்று முன்கூட்டியே ஏட்டில் குறித்துக்கொண்டு, பிறகு ஓட்டிப் பார்க்கட்டும். கம்பைலர் சில ஒப்பீடுகளை அடியோடு நீக்கிவிடக்கூடும் ஆதலால், அதன் செம்மையாக்கலை நிறுத்தி ஒருமுறையும் இயக்கி ஒருமுறையும் பார்க்கட்டும். ஏட்டில் குறித்ததும் திரையில் வந்ததும் மாறுபட்ட இடத்திற்கான காரணத்தை ஆசிரியர் தாமே சொல்லிவிடாமல், மாணவரையே தேடி எழுதச் சொல்ல வேண்டும்.