பழைய காரின் சிறு பழுதுகளும் பிறர் உரிமையும்

பழைய காரை வைத்திருப்பதில் குறை ஒன்றும் இல்லை. வட்டிக் கடனில் புதுக் கார் எடுப்பதைத் தவிர்த்து, கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு பழைய மாருதி 800-ஐயோ சான்ட்ரோவையோ வாங்கி ஓட்டும் குடும்பங்கள் நம் ஊர்களில் பல உண்டு. அது பாராட்டத்தக்க முடிவு. ஆனால் ‘பழைய வண்டிதானே, அப்படித்தான் இருக்கும்’ என்று கூறி, எரியாத பிரேக் விளக்கையும் துடைக்காத வைப்பரையும் மாதக்கணக்கில் விட்டுவைப்பதைச் சிக்கனம் என்று சொல்ல இயலாது. அது பொறுப்பின்மை.

காரின் பழுதுகளில் இரண்டு வகை உண்டு. ஏ.சி. குளிரவில்லை என்றால் வியர்ப்பது நமக்கு. ரேடியோ பாடவில்லை என்றால் இழப்பும் நமக்கே. அவற்றைச் சரிசெய்வதும் செய்யாதிருப்பதும் நம் விருப்பம். பிரேக் விளக்கு அந்த வகையில் சேராது. அது எரிகிறதா என்பது ஓட்டுகிறவரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. பின்னால் வருகிறவருக்காகவே அது பொருத்தப்பட்டிருக்கிறது. இண்டிகேட்டரும் அவ்வாறே. வைப்பர் நம் கண்ணாடியைத் துடைத்தாலும், அதனால் பெரிதும் காக்கப்படுகிறவர் மழையில் சைக்கிள் மிதித்துச் செல்பவரே. நாம் அவரைக் காணத் தவறினால் அடிபடுபவர் அவர்.

ஆகவே இந்தப் பழுதுகள் ‘ஹக்குல் இபாத்’ என்னும் அடியார்களின் உரிமையோடு தொடர்புடையவை. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் கிளைகளில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை நாம் மதரஸாவில் சிறுவயதிலேயே படித்திருக்கிறோம். அப்படிப் படித்த நாமே சாலையில் ஓர் இடையூறாக ஓடிக்கொண்டிருப்பது எவ்வாறு பொருந்தும்?

ஒரு கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. தேய்ந்த வைப்பர் ரப்பர் கண்ணாடியை மூன்று நொடி கலங்கலாக்கினால், நாம் 50 மீட்டர் தூரத்தைச் சரியாகப் பார்க்காமலே கடந்துவிடுகிறோம். இரவு வேளையில் எதிரே வரும் வண்டியின் ஒளி அந்தக் கலங்கலில் பட்டுச் சிதறும்போது, முன்னால் இருப்பது மனிதரா நிழலா என்று பிரித்தறிவதே கடினம்.

கடலோர ஊர்களும் நிறுத்திவைத்த கார்களும்

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் போன்ற கடலோர ஊர்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. உப்புக்காற்று மின் இணைப்புகளை அரிக்கிறது. செம்புக் கம்பியின் நுனியில் பச்சைக் களிம்பு படிகிறது. பல்பு ஹோல்டர் துருப்பிடிக்கிறது. உள்ளூரில் இரு ஆண்டுகள் நன்றாக இருக்கும் இணைப்பு, கடற்காற்றில் அதற்கு முன்பே கைவிட்டுவிடலாம்.

இதோடு நம் வாழ்க்கை முறையும் சேர்கிறது. குடும்பத் தலைவர் வளைகுடா நாட்டில் இருப்பார். கார் வீட்டு வாசலில் மாதக்கணக்கில் நிற்கும். ஓடாத காரில் பேட்டரி தானாக இறங்கும். வெயிலில் காய்ந்த வைப்பர் ரப்பர் இறுகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பானெட்டுக்குள் எலி புகுந்து கம்பிகளைக் கடிக்கும். பிறகு ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஓர் இரவு, வாப்பாவுக்கு நெஞ்சுவலி என்றோ பிரசவ வலி என்றோ அந்தக் காரை அவசரமாக எடுக்க நேரும். ஓட்டுவது பெரும்பாலும் அண்மையில் உரிமம் பெற்ற மகனாகவோ மனைவியாகவோ இருக்கும். வைப்பர் அசையாது என்பது அப்போதுதான் தெரியவரும். வெளிநாட்டில் இருக்கும் சகோதரர் வீட்டுச் செலவுக்குப் பணம் அனுப்பும்போது, காரின் நிலையையும் ஒருமுறை கேட்டறிவது குடும்பத்தின் மீதுள்ள பொறுப்பில் அடங்கும்.

காரணம் பெரும்பாலும் சிறியது

‘மின்சார வேலை நமக்குத் தெரியாது’ என்ற அச்சமே பலரைத் தடுக்கிறது. காரில் ஓடுவது 12 வோல்ட் மின்சாரம்; வீட்டு மின்சாரத்தைப் போல் தொட்டவுடன் அதிர்ச்சி தருவதன்று. எனினும் பேட்டரியின் இரு முனைகளையும் ஸ்பேனர் ஒன்று சேர்த்துத் தொட்டுவிட்டால் தீப்பொறி பறக்கும், கை சுடும். ஆதலால் கம்பிகளைத் தொடுமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தால் பாதி அச்சம் நீங்கிவிடும்.

பழுது தன் அடையாளத்தைத் தானே காட்டுகிறது. இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக அடித்துக்கொண்டால், பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் ஒரு பல்பு போய்விட்டது என்று பொருள். இண்டிகேட்டர் போடும்போது பின் விளக்கும் சேர்ந்து மினுக்கினால், எர்த் சரியில்லை. காரில் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிச் செல்லும் வழி, வண்டியின் இரும்பு உடலே. அந்த உடலோடு எர்த் கம்பியை இணைக்கும் திருகு துருப்பிடித்தால், மின்சாரம் வேறு விளக்குகளின் வழியாகத் திரும்பப் பார்க்கிறது. திருகைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் இறுக்கி, மேலே சிறிது வாசலின் தடவினால் பல சமயம் சரியாகிவிடும். கடலோர ஊரில் இந்த ஒரு வேலையே பாதிப் பழுதுகளைத் தீர்த்துவிடும் என்பது என் கருத்து.

பிரேக் விளக்கில் ஓர் ஏமாற்றம் உண்டு. பல கார்களில் பின் விளக்குக்கும் பிரேக்குக்கும் ஒரே பல்பு. அதனுள் 5 வாட், 21 வாட் என இரண்டு இழைகள் இருக்கும். பெரிய இழை அறுந்துபோனாலும் சிறிய இழை எரியும். ‘பின்னால் விளக்கு எரிகிறதே’ என்று நாம் மனநிறைவு கொள்கிறோம். பிரேக் போட்டது பின்னால் வருகிறவருக்குத் தெரிவதில்லை. இரு பக்கமும் ஒரே நேரத்தில் எரியவில்லை என்றால் பியூஸையும், பிரேக் பெடலின் மேலே உள்ள சுவிட்சையும் பார்க்க வேண்டும்.

வைப்பருக்கு வருவோம். போட்டதும் மோட்டார் ஒலி சிறிதும் இல்லை என்றால் முதலில் பியூஸ். ஒலி கேட்கிறது, ஆனால் கை அசையவில்லை என்றால் கையின் அடியில் உள்ள நட்டு தளர்ந்திருக்கலாம். அல்லது மோட்டாரையும் கைகளையும் இணைக்கும் கம்பியின் மூட்டு கழன்றிருக்கலாம். அணைத்தவுடன் தன் இடத்துக்குத் திரும்பாமல் கண்ணாடியின் நடுவிலேயே நின்றால், மோட்டாருக்குள் இருக்கும் நிறுத்தத் தொடுமுனை தேய்ந்திருக்கும். துடைத்தாலும் கோடு கோடாக நீர் நின்றால் ரப்பர் கெட்டுவிட்டது. பழைய ரப்பரின் நீளத்தை அளந்து அதே அளவில் வாங்க வேண்டும். இடது, வலது அளவுகள் வேறுபடக்கூடும். மாற்றும்போது வெறும் இரும்புக் கை கண்ணாடியில் அறைந்தால் கண்ணாடி விரிசல் விடும். அடியில் ஒரு துணியை மடித்து வைப்பது நல்லது. நீர் பீய்ச்சும் துளை அடைத்திருந்தால் மெல்லிய ஊசி போதும். நம் ஊர்க் கிணற்று நீரில் உப்பு மிகுதி. அந்த நீரையே மறுபடியும் ஊற்றினால் துளை மறுபடியும் அடைக்கும்.

இவற்றில் பெரும்பாலானவை ஒரு மணி நேர வேலை. ஒரு பல்பின் விலையோ ஒரு பியூஸின் விலையோ நாம் ஒருவேளை குடிக்கும் தேநீர்ச் செலவோடு ஒப்பிடத் தக்கதுதான்.

செய்யக் கூடாதவை

தானே செய்வது வேறு, குறுக்கு வழி தேடுவது வேறு. பியூஸ் அடிக்கடி போகிறதென்று அதன் இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றுவோர் இருக்கிறார்கள். பியூஸ் உருகுவது, கம்பி உருகாமல் காப்பதற்காக. அந்தக் காவலை நீக்கினால் அடுத்துத் தீப்பற்றுவது கம்பிக் கட்டுதான். 10 ஆம்பியர் சிவப்புப் பியூஸ் இருந்த இடத்தில் 20 ஆம்பியர் மஞ்சள் பியூஸைச் செருகுவதும் ஏறக்குறைய அதே தவறு. 60/55 வாட் ஹெட்லைட் பல்புக்குப் பதிலாக 100 வாட் பல்பைப் போடுவோர், தம் காரின் ஹோல்டரை உருக்குவதோடு எதிரே வருகிறவரின் கண்ணையும் கூசச் செய்கிறார்கள். நமக்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காகப் பிறர் பார்வையைப் பறிக்க நமக்கு உரிமை இல்லை.

புதிய பியூஸும் உடனே போகிறது, கருகிய வாடை வருகிறது, எலி கடித்த கம்பிகள் பல இடங்களில் தெரிகின்றன என்றால் அங்கேயே நிறுத்திக்கொண்டு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் செல்ல வேண்டும். காற்றுப்பை உள்ள கார்களில் ஸ்டியரிங்கைச் சுற்றியுள்ள மஞ்சள் நிறக் கப்ளர்களை நாமாகத் தொடவே கூடாது. தன் எல்லையை அறிவதும் அறிவுதான்.

விற்கும்போதும் அமானிதம்

15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கச் செல்லும் நாளில் மட்டும் எல்லா விளக்குகளும் எரிகின்றன. விற்கும் நாளிலும் அப்படித்தான். தளர்ந்த கம்பியை ஒரு நாளைக்கு முறுக்கிக் கட்டி, வாங்க வருகிறவர் முன் எரிய வைத்துக் காட்டுகிறோம். சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்ததும், மழையில் நனைந்தது என்று வணிகர் காரணம் சொன்னதும், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவர்கள் கேட்டதும் நாம் அறிந்த செய்தி. அந்தத் தானியத்தின் ஈரம் வணிகர் செய்த குற்றமன்று. அதை மறைத்ததே குற்றம். காரின் பழுதும் அவ்வாறே. மழைக்காலத்தில் வைப்பர் சில சமயம் நின்றுவிடும் என்பதை வாங்குகிறவரிடம் சொல்லி, அதற்கேற்ப விலையைக் குறைத்துக்கொள்வதே நேர்மை. அந்தக் காரில் ஏறப்போவது அவருடைய பிள்ளைகள்.

‘இத்தனை நாள் ஒன்றும் நடக்கவில்லை, அல்லாஹ் காப்பாற்றுவான்’ என்று சொல்லும் சகோதரர்களும் உண்டு. காப்பவன் அவன்தான், அதில் ஐயமில்லை. ஆனால் நம் கையில் உள்ளதைச் செய்துவிட்டு அவனிடம் பொறுப்பை ஒப்படைப்பதே தவக்குல். செய்யாமல் ஒப்படைப்பதற்குச் சோம்பல் என்று பெயர். வாகனத்தில் ஏறும்போது துஆ ஓத மறக்காத நாம், வைப்பர் சுவிட்சையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கலாம்.

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் புறப்படுமுன், வீட்டில் ஒருவர் பெடலை மிதிக்கட்டும். இன்னொருவர் பின்னால் நின்று பார்க்கட்டும். நான்கு இண்டிகேட்டர், இரண்டு பிரேக் விளக்கு, ஹெட்லைட், ஹாரன், வைப்பர், நீர். ஐந்து நிமிடம் ஆகும். பின்னால் நிற்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். சாலையில் முன்பின் தெரியாத ஒருவரின் உயிருக்கும் தாங்கள் பொறுப்பு என்பதை அவர்கள் அங்கே கற்றுக்கொள்வார்கள், இன்ஷா அல்லாஹ்.