எடுக்காமல் விட்ட கேமரா பதிவு

குழந்தையைச் சிதைத்துக் கொன்றவனைத் தூக்கில் போடு என்ற குரல் எழும்போது அதை எதிர்த்துப் பேசுவது இரக்கமற்ற செயலாகத் தெரியும். அந்தக் குரலில் இருக்கும் கோபம் நியாயமானதுதான். ஆனால் கயிறு குழந்தைக்கு நீதி வாங்கித் தருகிறதா என்று பார்க்க நாம் அதிக தூரம் போக வேண்டியதில்லை. படாளத்திலிருந்தும் மதுராந்தகத்திலிருந்தும் ஜனங்கள் வழக்குக்குப் போகிற அதே செங்கல்பட்டில், மகளிர் நீதிமன்றம் 2018 பிப்ரவரி 19 அன்று ஒரு தூக்குத் தண்டனை விதித்தது. சென்னையை ஒட்டிய முகலிவாக்கத்தில் 2017 பிப்ரவரியில் ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கு அது. 2018 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது. ஓராண்டுச் சொச்சத்தில் தீர்ப்பு வந்துவிட்டதைப் பலரும் பாராட்டினார்கள். 2025 அக்டோபர் 8 அன்று நீதிபதிகள் விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி, தண்டிக்கப்பட்டிருந்தவரை விடுதலை செய்தது.

'ஏதோ டெக்னிக்கல் ஓட்டையில் தப்பிவிட்டார்' என்று இதை ஒதுக்குகிறவர்கள் தீர்ப்பைப் படிக்க வேண்டும். சிறுமியும் அவரும் கடைசியாக ஒன்றாகக் காணப்பட்டதற்கு ஆதாரமாகச் சொல்லப்பட்ட கேமரா பதிவு நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. டி.என்.ஏ. மாதிரிகள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின என்ற சங்கிலி அறுந்து கிடந்தது. குற்றச்சாட்டு பதிவானபோது அவருக்கு வக்கீல் இல்லை. சட்ட உதவி வக்கீல் வந்து சில நாள்களிலேயே சாட்சி விசாரணை ஆரம்பித்துவிட்டது. குற்றவாளி என்று முடிவு சொன்ன அன்றைக்கே தண்டனையையும் சொல்லிவிட்டார்கள். இவையெல்லாம் டெக்னிக்கல் என்றால், ஒரு கொலையை யார் செய்தார் என்று கண்டுபிடிப்பதும் டெக்னிக்கல்தான். விளைவு என்ன? அந்தக் குழந்தையைக் கொன்றது யார் என்ற கேள்விக்குச் சட்டத்திடம் இன்று பதில் இல்லை. நொய்டாவை அடுத்த நிதாரியிலும் இதுதான் நடந்தது. 2006-இல் குழந்தைகளின் எலும்புகள் சாக்கடையில் கிடைத்தன. பல வழக்குகளில் தூக்கு விதிக்கப்பட்ட ஒருவரைக் கடைசி வழக்கிலிருந்தும் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. என் வாதம் இதுதான்: தூக்கு என்ற பெரிய வார்த்தை விசாரணையின் அரைகுறைத்தனத்தை மூடி மறைக்கிறது. தீர்ப்பு வந்த அன்று கைதட்டுகிற நாம், கேமரா பதிவு எங்கே என்று கேட்பதில்லை.

தூக்கு இருந்தால் பயம் வரும் என்பார்கள். 2018-இல் 12 வயதுக்குட்பட்ட சிறுமியைப் பாலியல் வன்கொடுமை செய்தால் மரண தண்டனை வரை விதிக்கலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. 2019-இல், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்திலும் அது சேர்ந்தது. பிடிபடுவோம் என்ற பயம் இல்லாதவனுக்குத் தண்டனையின் அளவு எப்படிப் பயம் தரும்? போக்சோ வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்படுபவர் குழந்தைக்குத் தெரிந்தவர்: சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர், டியூஷன் வாத்தியார். கயிறு தொங்குவது நம் வீட்டு ஆளின் கழுத்தில் என்று தெரிந்தால், புகார் கொடுக்கப் புறப்பட்ட தாயைப் பாட்டியே வாசலில் மறிப்பாள். கொலை செய்யாவிட்டாலும் தூக்கு கிடைக்கலாம் என்று நினைப்பவன், சாட்சியாக இருக்கும் குழந்தையை உயிரோடு விட்டுவைப்பானா என்பதையும் யோசிக்க வேண்டும். பாலியல் குற்றச் சட்டங்களைத் திருத்த யோசனை சொல்ல அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு 2013-இல் பாலியல் வன்கொடுமைக்கு மரண தண்டனையைப் பரிந்துரைக்காமல் விட்டது, பெண்கள் மீது அக்கறை இல்லாததால் அல்ல.

பயம் வராவிட்டால் போகட்டும், செய்த பாவத்துக்குக் கூலி வேண்டாமா என்பது இதைவிட வலுவான கேள்வி. கூலி வேண்டும். போக்சோவில் கடுமையான வன்கொடுமைக்கு ஆயுள் தண்டனை என்றால், இயற்கையாக உயிர் பிரியும் வரை சிறை என்றே பொருள். இதை யாரும் லேசான தண்டனை என்று சொல்ல முடியாது. அதில் தவறு நடந்தால் கதவைத் திறந்துவிடலாம், இழந்த ஆண்டுகள் திரும்பாவிட்டாலும். முகலிவாக்கம் வழக்கில் கயிறு முந்திக்கொண்டிருந்தால், உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பை யாரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருப்போம்?

அரசியல்வாதிகளுக்குத் தூக்கு பிடிப்பதில் ஆச்சரியம் இல்லை. சட்டத்தில் ஒரு வரி சேர்க்கச் செலவு இல்லை. தடயம் சேகரிக்கப் பயிற்சி பெற்ற காவலர், மாதிரிகளை முத்திரையோடு ஆய்வகத்துக்கு அனுப்பும் ஒழுங்கு, முதல் நாளிலிருந்தே திறமையான வக்கீல் இவற்றுக்குத்தான் பணம் வேண்டும். கடையிலும் கோயிலிலும் மாட்டியிருக்கும் கேமராக்கள் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகின்றன. குழந்தையைக் காணோம் என்று புகார் வந்த அன்றே அதை எடுத்துப் பத்திரப்படுத்த ஓர் ஆள் போக வேண்டும். அந்த ஆள் போனாரா என்பதைச் சட்டமன்றத்தில் எந்த உறுப்பினராவது கேட்கட்டும்.