தாலி பார்த்தா தரவேண்டும் போலிக் அமிலம்?

புதிதாக மணமுடித்த தம்பதியரைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அழைத்து, கருத்தரிக்கு முன்பே உடல்நிலையைப் பரிசோதிக்கும் திட்டம் இலங்கையில் பத்தாண்டுகளுக்கும் மேலாக நடைபெறுகிறது. நிறை, உயரம், இரத்த அழுத்தம், இரத்தச்சோகை எல்லாம் பார்க்கிறார்கள். ருபெல்லா தடுப்பூசி போட்டாயிற்றா என்று விசாரிக்கிறார்கள். போலிக் அமில மாத்திரையைக் கையிலேயே தந்துவிடுகிறார்கள். மாத்தளை மாவட்டத்து லக்கல போன்ற மலைப்பிரதேசத்தில் இந்தச் செய்தியை வீடுவரை கொண்டுசெல்பவர் குடும்பநல உத்தியோகத்தர். பாராட்ட வேண்டிய திட்டம்தான். ஆனால் அழைப்பு புதுமணத் தம்பதியருக்கு.

மணமாகாத ஒரு பெண், அல்லது மணமுறிவு பெற்றவர், கணவனை இழந்தவர், தானமாகப் பெற்ற விந்தணுவின் மூலம் தாயாக முடிவெடுத்தால் அவர் எங்கே போவது? அவருக்கல்லவா இந்த முன்னாயத்தம் கூடுதலாகத் தேவை! தம்பதியர் இந்த மாதம் தவறினால் அடுத்த மாதம் என்று இருக்கலாம். இவருக்கோ ஒவ்வொரு முயற்சியும் காசு கொடுத்து வாங்கும் முயற்சி. விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் எளிய முறையில் ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுகூட இல்லை. முப்பத்தைந்து வயதைத் தாண்டினால் இன்னும் குறையும். ருபெல்லா ஊசி போட்டால் ஒரு மாதமாவது கருத்தரிக்காமல் இருக்க வேண்டும். போலிக் அமிலத்தை முயற்சிக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிட வேண்டும். கருக்குழாய் திறந்திருக்கிறதா, சூலகத்தில் முட்டைகள் போதிய அளவு உள்ளனவா, தைரொயிட் சரியாக இருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்த பின்னரே பணத்தை எடுக்க வேண்டும்.

இவற்றோடு, தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோய்க்கான பரிசோதனையையும் தனியாகச் சொல்ல வேண்டும். குருநாகலையில் இந்நோய்க்கென்றே தேசிய நிலையம் அமைக்கும் அளவுக்கு இலங்கையில் இது பெரும் சுமை. தாய் நோய்க்காவியாக இருந்து விந்தணு தந்தவரும் காவியாக இருந்தால், நான்கில் ஒரு குழந்தைக்கு நோய் வரலாம். தம்பதியராயின் இருவர் இரத்தத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். தனித்துவரும் பெண்ணோ முதலில் தன் நிலையை அறிந்து, அதற்கேற்பத் தானக்காரரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையில் தொடங்கும் காரியம் இது. இதற்குத் திருமணச் சான்றிதழ் எதற்கு?

லக்கலவின் பல்லேகமவிலிருந்து இலுக்கும்புர, றிவர்ஸ்டன் ஏறி இறங்கி, இரத்தோட்டை வழியாக மாத்தளைக்கு வரும் வீதி தெரிந்தவர்களுக்கு மற்றச் சிரமத்தை விளக்கத் தேவையில்லை. முட்டை முதிர்வதை ஸ்கான் பார்த்து, ஊசி போட்டு, சுமார் முப்பத்தாறு மணித்தியாலத்துக்குள் திரும்பிவர வேண்டிய சிகிச்சை இது. பஸ் வராத நாளுக்காகக் கருமுட்டை காத்திருக்காது. ஆரம்பப் பரிசோதனைகளையாவது உள்ளூரில் செய்துகொடுத்தால் அலைச்சலில் பாதி குறையும்.

சட்டத்தின் நிலை இதைவிட மோசம். செயற்கைக் கருத்தரிப்பை ஒழுங்குபடுத்தப் பாராளுமன்றம் இயற்றிய தனிச்சட்டம் நம்மிடம் இல்லை. விந்தணு தந்தவர் சட்டப்படி தந்தையல்ல என்று சொல்லும் ஏற்பாடும் இல்லை. நாளை அவர் பிள்ளைக்கு உரிமை கோரினால் என்ன செய்வது? அவரிடமே தாபரிப்புப் பணம் கேட்டால்? இந்த வெற்றிடத்தில்தான், தெரிந்த ஒருவரிடம் இரகசியமாகக் கேட்டுப் பெறும் ஆபத்தான வழி பிறக்கிறது. எச்.ஐ.வி., ஹெப்படைற்றிஸ், சிபிலிஸ் பரிசோதனை எதுவும் அங்கே நடக்கப்போவதில்லை.

தனியொரு பெண் தாயாவது நம் சட்டத்துக்குப் புதிதும் அல்ல. 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டத்தின்படி, வயது நிபந்தனைகளுக்கு உட்பட்டு, தனித்து வாழும் பெண் பிள்ளையைத் தத்தெடுக்கலாம். பிறர் பெற்ற பிள்ளையை நம்பி ஒப்படைக்கும் அரசு, அவர் தாமே பெற விரும்பும்போது தயங்குவதற்கு நியாயம் எதுவும் நமக்குத் தெரியவில்லை.

இந்தியா 2021 இல் இயற்றி, 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம் தனிப்பெண்ணுக்கு இச்சிகிச்சையை அனுமதிக்கிறது. வயதெல்லை 21 முதல் 50 வரை. தானம் தந்தவருக்குப் பிள்ளைமீது பெற்றோர் உரிமை கிடையாது என்றும் சொல்கிறது. அதே 2021 இல் கேரள உயர் நீதிமன்றம், இவ்வாறு தாயாகும் தனிப்பெண்ணிடம் பிறப்புப் பதிவில் தந்தையின் பெயரைக் கேட்பது அவரது கண்ணியத்தைப் பாதிக்கும் என்று தீர்ப்பளித்தது. நம் பழைய பிறப்புச் சான்றிதழிலோ பெற்றோர் விவாகம் செய்தவரா என்று கேட்க ஒரு கூடு. பாட்டனார் இலங்கையில் பிறந்தவரா என்று கேட்க இன்னொன்று. குடியுரிமைக்காகப் பாட்டன் பூட்டன் பிறந்த இடத்தைத் தேடி அலைந்த மலையகத்தவருக்கு, ஒரு கூடு என்ன செய்யும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தந்தையில்லாமல் பிள்ளை எப்படி வளரும் என்ற கேள்வி வரும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சூசன் கோலம்பொக் குழுவினர், விரும்பித் தனித்துத் தாயானவர்களின் பிள்ளைகளை இருபெற்றோர் குடும்பப் பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது மனநலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. யுத்தமும் வெளிநாட்டு வேலையும் பிரித்த நம் குடும்பங்களில் எத்தனை பிள்ளைகளை ஒற்றைக் கைகள் வளர்த்தன என்பதும் நாம் அறிந்ததே. பிள்ளையின் பக்கத்தில் உண்மையான கேள்வி வேறு: தன் மரபணு யாருடையது என்று அறியும் உரிமை. பிரித்தானியாவில் 2005 ஏப்ரலுக்குப் பின் தானம் தந்தவரின் அடையாளத்தை, பிள்ளை பதினெட்டு வயதில் கேட்டறியலாம். நம் சட்டத்திலும் அந்த ஏற்பாடு வேண்டும். தாயின் வசதிக்காகக்கூட அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒருவரின் விந்தணு எத்தனை குடும்பங்களுக்குச் செல்லலாம் என்ற வரையறையும் அவசியம்.

சட்டமூலம் வரும்போது வரட்டும். அதுவரை சுகாதார அமைச்சு காத்திருக்கத் தேவையில்லை. கருத்தரிப்புக்கு முந்திய பரிசோதனையும் மாத்திரையும் தடுப்பூசியும், கேட்டுவரும் எந்தப் பெண்ணுக்கும் திருமண நிலை கேளாமல் வழங்கப்பட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போதும். அமைச்சு அதை உடனே வெளியிட வேண்டும். மாத்தளை மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் அதைக் கேட்டுப்பெற வேண்டும்.