கணிப்பொறியும் பாதை மாற்றமும்

அக்ரஹாரத்துத் தமிழன்பர்கள் பண்டிகை நெருங்கினால் நம்மிடம் வினவுவது ஒன்றே: "தூத்துக்குடி வண்டியில் இடம் கிடைக்குமா?" அவ்விடத்தை வழங்குபவர் சாளரத்திலுள்ள எழுத்தர் அல்லர், எங்கோ தொலைவிலுள்ள கணிப்பொறித் தொகுதியே அதனை வழங்குகின்றது. அத்தொகுதியின் செயலி மாற்றம் குறித்து இம்மாதம் சிறிது கூற விழைகின்றோம்.

கணிப்பொறி முன்பதிவு 1985-இல் தில்லியில் தொடங்கிற்று. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999-இல் ஒன்றாக இணைக்கப்பெற்றன. பின்னர் 2010-இல் நிறுவப்பெற்ற அமைப்பு ஐடேனியம் என்னும் செயலியைக் கொண்டது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 25,000 சீட்டுகளைப் பதியவல்லது. இதனை நான்கு மடங்காக்கும் புதிய அமைப்பைப் பற்றி அரசு 2025-இல் அறிவித்தது. விரைவு ஒன்றே கருதத்தக்கதன்று. ஐடேனியம் செயலிகளை அனுப்புவதை இன்டெல் நிறுவனம் 2021 ஜூலையோடு நிறுத்திவிட்டது. உதிரி உறுப்புக் கிடைக்காத எஞ்சினை எத்தனை நாள் ஓட்டுவது?

செயலியின் இனத்தை மாற்றுதல், பாதையின் அகலத்தையே மாற்றுவது போன்றது. பெங்களூரு–மைசூர் மீட்டர் பாதை அகலப் பாதையானபோது பழைய பெட்டிகள் அதில் ஓட இயலவில்லை. அவ்வாறே ஓர் இனச் செயலிக்கு ஆக்கிய கட்டளைகள் மற்றோர் இனத்திற்கு விளங்கா. அவற்றைப் புதிதாக ஆக்கிச் சோதித்தல் வேண்டும்.

ஒரே இனத்துள் புதிய தலைமுறைக்கு மாறுவதற்கும் முறையுண்டு. இக்காலத்தில் பல பொறிகளைத் தொகுதியாக இணைத்து, அவற்றுள் மெய்நிகர்ப் பொறிகள் பலவற்றை இயக்குகின்றனர். இவற்றை நிறுத்தாமலே ஒரு பொறியிலிருந்து மற்றொன்றிற்கு நகர்த்தலாம். பழையனவும் புதியனவும் கலந்திருக்கும் வரையில், எல்லாவற்றிற்கும் பொதுவான திறன்களை மட்டுமே மெய்நிகர்ப் பொறிக்குக் காட்டுவர். கடைசிப் பழைய பொறி அகன்ற பின்னரே செயலி வகையை உயர்த்துவர். அப்பொழுதும் ஒவ்வொரு மெய்நிகர்ப் பொறியையும் முழுதும் அணைத்து மீண்டும் இயக்கினாலன்றிப் புதுத்திறன் வாராது. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் பணி தடைப்படாது. முறை தவறினால் நாடெங்கும் சாளரங்கள் மூடிக்கிடக்கும்.

2021 நவம்பரில் வண்டி எண்களைப் பழையபடி மாற்றுவதற்காக ஒரு வாரம் நாள்தோறும் இரவு 11.30 முதல் காலை 5.30 வரை முன்பதிவை நிறுத்தினர். அது செயலி மாற்றமன்று. எனினும் முன்னறிவித்து, மக்கள் உறங்கும் வேளையில் செய்தது நல்ல முறையாகும்.

இப்பொழுது முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னர்த் தொடங்குகின்றது. பொங்கலுக்குரிய முதல்நாட் பதிவில் ஒரு மணிநேரம் தவறினும், ஒரு குடும்பம் ஊர் காணாது போகும். செல்பேசியில் பதியத் தெரிந்தோர் பிறிதொரு வேளையில் முயல்வர். விடியலில் வந்து வரிசையில் நிற்கும் முதியோர் என் செய்வர்? ஆதலின், இத்தகைய பணிகளைப் பண்டிகைப் பதிவு நாட்களில் வைத்தலாகாது. நிறுத்த நேரத்தைக் கன்னடத்திலும் தமிழிலும் முன்னதாகவே சாளரத்தில் ஒட்டுதல் வேண்டும் என்பது நம் கருத்து. அன்பர்களும் பயண நாளிலிருந்து 60 நாட்களைப் பின்னோக்கி எண்ணி, நாட்காட்டியில் இன்றே குறித்துக்கொள்வார்களாக.