ஆறுதல் யாருக்கு?

இத்தாலியின் கடற்கரைக்குச் செல்பவர்கள் இனி அவசரப்படலாகாது என்றோர் உபதேசம் மேனாட்டிலிருந்து ஓயாது வந்துகொண்டிருக்கின்றது. கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரே கிராமத்திற் பத்து நாள் தங்கி, வலை பின்னும் கிழவரோடு உரையாடி, எலுமிச்சைத் தோட்டத்து நிழலில் அமர்ந்து ஆறுதலாக வாழப் பழகவேண்டுமாம். வேகம் என்பது மனிதனைப் பீடித்த மனநோய். தனிமனிதனின் மனமாற்றமே அதற்கு மருந்து. உபதேசத்தின் சாரம் இவ்வளவுதான்.

நாம் வேகத்தின் வக்கீல்கள் அல்லர். அவசரம் மனிதனை எவ்வாறு அரித்துத் தின்னுகின்றது என்பதனை உழைக்கும் மக்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. மார்க்சின் மருமகனான போல் லபார்க் சோம்பியிருக்கும் உரிமையைக் கோரி 1880இலேயே எழுதினார். பாசிஸ்டுகளின் கைதியாக இருந்த கிராம்ஷி, போர்ட் தொழிற்சாலையின் கதி தொழிலாளியின் உடலையும் உறக்கத்தையும் குடும்பத்தையுங்கூட எவ்வாறு தன் அளவுக்கு வெட்டித் தைக்கின்றது என்று குறிப்பேடுகளில் ஆராய்ந்தார். அவர்கள் வேகத்தை மனநோயாகக் காணவில்லை. பிறர் நேரத்தை விலைக்கு வாங்கியவன் அதிலிருந்து இலாபத்தைக் கறக்கும் முறையாகக் கண்டனர். இன்றைய உபதேசிகள் மறைப்பது இதனையே.

லிகூரியக் கரையிலுள்ள சிங்க்வே தெர்ரேயை எடுத்துக்கொள்வோம். மொன்தெரோஸ்ஸோ, வெர்னாஸா, கோர்னீலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே என்னும் ஐந்து ஊர்கள் அங்கே செங்குத்தான மலைக்கும் கடலுக்கும் இடையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பயணிகள் வியந்து பார்க்கும் அந்தப் படிப்படியான திராட்சைத் தோட்டங்கள் இயற்கை தந்தவையல்ல. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக உழவர்கள், சாந்து சுண்ணாம்பு எதுவுமின்றிக் கல்லின்மேற் கல்லடுக்கி, அதன் பின்னே மண்ணைக் கொட்டி நிரப்பிச் செய்த நிலம் அது. அறுவடைக்காலத்தில் ஆணும் பெண்ணும் திராட்சைக் கூடைகளைச் சுமந்து அந்தச் சரிவுகளில் ஏறியிறங்கினர். இன்று ஆறுதலாக நடக்கச் சொல்லப்படும் ஒற்றையடிப் பாதைகள் அவர்களதும் அவர்களுடைய கோவேறு கழுதைகளதும் கால்பட்டு உண்டானவை. அவர்களும் மெதுவாகத்தான் நடந்தனர். முதுகிற் சுமை இருந்தது.

1869இல் அருகிலுள்ள லா ஸ்பெஸியாவிற் கடற்படைத் தளம் திறக்கப்பட்டது. 1874இல் ஜெனோவாவுக்கும் லா ஸ்பெஸியாவுக்கும் இடையிலான புகையிரதப் பாதை பூர்த்தியாயிற்று. உழவனின் மகன் கூலிக்குப் போனான். அவனைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. கல்லடுக்கும் வேலை வயிற்றை நிரப்பவில்லை. ஆனால் சாந்தில்லாச் சுவர் ஆண்டுதோறும் செப்பனிடப்படாவிடின் சரிந்துவிடும். 1997இல் யுனெஸ்கோ அப்பிரதேசத்தை உலக மரபுரிமையாக அறிவித்தபோது படிநிலங்களிற் பெரும்பகுதி ஏற்கெனவே கைவிடப்பட்டிருந்தது. 2011 அக்டோபர் 25ஆம் தேதி கொட்டிய மழையில் மலை சேறாக இறங்கி வெர்னாஸாவையும் மொன்தெரோஸ்ஸோவையும் மூடியது, உயிர்களும் போயின. 2018இல், சாந்தின்றிக் கல்லடுக்கும் கலையும் மனிதகுலத்தின் மரபுச்செல்வமாகப் பதிவுபெற்றது. கலைக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. அதைச் செய்யும் கைகளுக்கு என்ன கூலி என்று பட்டத்தில் எழுதப்படுவதில்லை!

இத்தனைக்கும் இந்த 'மெதுவியக்கம்' இடதுசாரிகளின் வீட்டிற் பிறந்த பிள்ளையே. 1986இல் றோம் நகரத்து ஸ்பானியப் படிக்கட்டின் அருகே மக்டொனால்ட்ஸ் கடை திறக்கப்பட்டதை எதிர்த்து எழுந்த இயக்கத்தின் தலைவர் கார்லோ பெத்ரினி இடதுசாரிக் கலாசாரச் சங்கங்களில் வளர்ந்தவர். உழவனுக்கு நியாயமான விலை, உண்பவனுக்கு நல்ல உணவு என்ற அவர்களுடைய கோரிக்கைகளை நாம் இன்றும் மதிக்கின்றோம். பிறகு 1999இல் நான்கு ஊர்கள் கூடி 'மெதுநகர்' என்றோர் அமைப்பை நிறுவின. அவற்றுள் ஒன்று அமால்ஃபிக் கரையிலுள்ள பொசித்தானோ. ஒருகாலத்திற் பிழைப்புத் தேடிப் பலர் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஏழை மீனவ ஊர் அது. ஸ்டைன்பெக் 1953இல் அதைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார்; எழுதிய இடம் ஒரு நாகரிக உடைச் சஞ்சிகை என்பதையும் சொல்லிவிடவேண்டும். இன்று அங்குள்ள பெரிய விடுதிகளில் ஓர் இரவு தங்குவதற்குக் கொடுக்கும் பணம், அவ்விடுதியின் படுக்கையை விரிக்கும் பெண்ணின் ஒரு வாரச் சம்பளத்தைத் தாண்டும். விருந்தினர் ஆறுதலாகக் காலையுணவு கொள்ள, அவள் அடுத்த அறைக்கு ஓடுகின்றாள். ஒருவரின் ஆறுதல் மற்றவரின் அவசரத்தின்மேற் கட்டப்பட்டிருக்கின்றது.

ஓய்வு, உல்லாசம் என்றாலே பூர்ஷ்வாச் சரக்கு என்று முகஞ்சுளிக்கும் நண்பர்கள் நம்மிடையேயும் உளர். அவர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. ஓய்வை நாம் கைவிட்டால் அதனை எடுத்துக்கொள்ள ஆள் இருக்கின்றது. முசோலினியின் ஆட்சி 1925இல் தொழிலாளரின் ஓய்வுநேரத்துக்கென்றே ஒரு நிறுவனத்தை உண்டாக்கிற்று. 1931இலிருந்து மலிவுக் கட்டணப் புகையிரதங்களில் ஏழைகளைக் கடற்கரைக்கு ஏற்றிச் சென்றது. தொழிற்சங்கத்தைப் பறித்துக்கொண்டு கடற்குளிப்பைக் கொடுத்தது. அந்த ஆட்சி வீழ்ந்தபின் 1948இல் நடைமுறைக்கு வந்த குடியரசின் அரசியலமைப்பு, 36ஆம் பிரிவில், வாராந்த ஓய்வும் சம்பளத்துடன் கூடிய வருடாந்த விடுமுறையும் தொழிலாளியின் உரிமை என்றது. தொழிலாளியே விரும்பினாலும் அவ்வுரிமையை விட்டுக்கொடுக்க முடியாது என்றும் சேர்த்துக்கொண்டது. எதிர்ப்பியக்கத்தில் இரத்தம் சிந்தியவர்கள் ஆறுதலைப் பற்றி எழுதிவைத்த வாசகம் இது. சுற்றுலாப் பிரசுரங்களில் இதனைக் காணமுடியாது.

அதே நாட்டின் தெற்கில், சிசிலியின் பலெர்மோ நகரில், நம்மவர்கள் பல்லாயிரவர் வாழ்கின்றனர். 1983இன் கொடுமைகளுக்குப் பின்னர் அவ்வூருக்குச் சென்ற தமிழர் தொகை பெருகியது. பலர் வீட்டுவேலை செய்கின்றனர். பிறருடைய முதியோரைக் குளிப்பாட்டி உணவூட்டுகின்றனர். வீட்டுக்குள்ளே நடக்கும் வேலைக்கு மணிக்கணக்கு எழுதப்படுவது அருமை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுட் பலர், சைவர்களும் கத்தோலிக்கரும் ஒன்றாக, நகருக்கு மேலேயுள்ள பெல்லெக்ரினோ மலையிற் புனித ரொசாலியாவின் குகைக்கோயிலுக்குக் கால்நடையாக ஏறுகின்றனர். கீழே நீலக்கடல் விரிந்து கிடக்கின்றது. அங்கே எவரும் ஓடுவதில்லை.

ஆறுதலைப் பற்றி அடுத்த கட்டுரை எழுத இருப்பவர் அந்த மலைப்பாதையில் ஒருவரை நிறுத்தி, திங்கட்கிழமை காலை எத்தனை மணிக்கு வேலை, இரவு எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டபின் எழுதட்டும்.