பருத்த மேனியும் பட்டுத் தொப்பியும்

“இந்த உடம்புக்கு இந்த உடுப்பு ஒரு கேடா?”

கேட்கிறார்கள். வீதியிலே கேட்கிறார்கள், விருந்திலே கேட்கிறார்கள், துணிக்கடையிலே அளவு பார்ப்பவர் வாயால் கேட்காமல் விழியால் கேட்கிறார். வெள்ளித்திரையிலோ, இதைக் கேட்பதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள்! பருத்தவன் வந்தால் சிரிக்க வேண்டும். அவன் பளபளப்பாக உடுத்தி வந்தாலோ விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும். எவரும் எழுதாத சட்டம், எல்லோரும் பணியும் சட்டம்!

பாமரர் மட்டுமா பணிகிறார்கள்? பிறப்பிலே உயர்வு தாழ்வு பேசினால் சீறி எழும் நம் இளைஞர்கள், பகுத்தறிவுப் பாசறையிலே பயின்றவர்கள், மன்றத்துத் தோழன் ஒருவனுக்குப் ‘பூசணி’ என்று பட்டம் சூட்டி மகிழ்கிறார்கள். அவனும் சிரிக்கிறான். ஏன் சிரிக்கிறான்? வேறு வழியில்லை, சிரிக்கிறான்! சாதியைக் கொண்டு மனிதனை அளப்பது அறிவுக்குப் பொருந்துமா என்று மேடையேறிக் கேட்டவர்கள், இடுப்புச் சுற்றளவைக் கொண்டு மனிதனை அளப்பது எந்த அறிவுக்குப் பொருந்தும் என்று கேட்கக் காணோம்.

அந்தக் கேலிக்கு விடை கொடுத்தார் ஒரு பெண். சொல்லால் அல்ல, கோட்டால்!

1920களின் நியூயார்க் நகரம். தெற்கு மாநிலங்களின் கொடுமை பொறாது குடிபெயர்ந்து வந்த கறுப்பின மக்கள், ஹார்லெம் என்னும் பகுதியிலே கவிதையும் இசையும் ஓவியமும் செழிக்கச் செய்துகொண்டிருந்த காலம். அங்கே 133ஆம் தெருவில், கிளாம் ஹவுஸ் என்றொரு விடுதி. நாடு முழுவதும் மதுவிலக்கு. ஆகவே கதவுக்குப் பின்னே கோப்பைகள்! உள்ளே, பியானோவின் முன், தூய வெண்ணிறக் கோட்டு, விறைத்த கழுத்துப்பட்டை, சீமான்கள் அணியும் நெடிய பட்டுத் தொப்பி. அந்த உடைக்குள்ளே ஏறத்தாழ 250 பவுண்டு எடையுள்ள கறுப்பு மேனி. இரவெல்லாம் விரல்கள் ஓயா, குரல் ஓயாது. ஊரறிந்த பாட்டுகளை எடுத்து, குறும்பான சொற்களை இட்டு நிரப்பி, அரங்கிலே அமர்ந்திருக்கும் அழகியரைப் பார்த்துக் கண் சிமிட்டிப் பாடும் அந்தச் சோக்குப் பேர்வழி யார்? ஆடவர் அல்லர். கிளாடிஸ் பென்ட்லி!

1907இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். தாய் டிரினிடாட் தீவைச் சேர்ந்தவர். ஆண் குழந்தையை எதிர்பார்த்திருந்த தாய், பிறந்தது பெண் என்றதும் தொடவும் மறுத்தார் என்று பின்னாளில் பென்ட்லியே எழுதினார். உடன்பிறந்தானின் உடையை எடுத்து அணிந்து பள்ளிக்குப் போனார் சிறுமி. பள்ளி வீட்டுக்குத் துரத்தியது. பெற்றோர் மருத்துவரிடம் இழுத்துச் சென்றனர். நோய் என்ன? காற்சட்டை! மருந்து என்ன? பாவாடை! பதினாறாம் வயதில் வீட்டைவிட்டே வெளியேறினார். பியானோ வாசிக்க ஆடவர்தான் வேண்டும் என்றிருந்த விடுதியிலே, பெண்ணை அமர்த்த இதைவிட நல்ல வேளை ஏது என்று வாதாடி இடம் பிடித்தார். 1928இல் அவர் குரல் இசைத்தட்டுகளில் ஏறியது. கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ், 1940இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றிலே அவரை வியந்து எழுதினார். பெண்களை நேசித்தார், அதை ஒளிக்கவும் இல்லை.

அந்த வெள்ளைக் கோட்டின் துணிச்சலை உணரவேண்டுமானால், பருத்த கறுப்புப் பெண்ணுக்கு அந்நாடு ஒதுக்கிவைத்திருந்த இடம் எது என்று அறியவேண்டும். அடுப்படி! தலையிலே கைக்குட்டை, இடுப்பிலே சமையல் மேலங்கி, முகத்திலே எசமானரின் பிள்ளைகளுக்கான புன்னகை. 1889இல் பிறந்த ‘அத்தை ஜெமைமா’ என்ற அப்பமாவுப் பெயரும் அவள் முகமும் வணிகத்தைவிட்டு அகல 2021 ஆயிற்று! திரைப்படத்திலே அத்தகைய பணிப்பெண் வேடமேற்ற ஹாட்டி மெக்டேனியலுக்கு 1940இல் ஆஸ்கர் விருது தந்தார்கள். தந்த அதே மண்டபத்திலே, வெள்ளையரோடு அமரவிடாமல் தனி மேசையிலே உட்காரவைத்தார்கள். அதற்கும் முன்னே, 1810இல், தென்னாப்பிரிக்கக் கோய்கோய் இனத்துச் சாரா பார்ட்மனை இலண்டனுக்குக் கொண்டுவந்து, அவருடைய பின்புறத்தின் பருமனைக் காசு வாங்கிக்கொண்டு காட்டினார்கள். 1815இல் பாரிசில் அவர் மாண்டபின்னும் விடவில்லை. அறிவியல் என்று பெயரிட்டு அறுத்து, அருங்காட்சியகத்திலே வைத்தார்கள். அவர் தம் மண்ணில் அடக்கமானது 2002இல்!

ஆக, பார்க்கும் உரிமை அவர்களுக்கு. பார்க்கப்படும் கடமை இவர்களுக்கு. பென்ட்லி என்ன செய்தார்? “பார்க்கத்தானே துடிக்கிறீர்கள்? பாருங்கள்! ஆனால் எப்படிப் பார்ப்பது என்பதை நான் தீர்மானிக்கிறேன், நுழைவுப் பணமும் எனக்கே சேரட்டும்” என்றாற்போல் உடுத்தினார். உடம்பை மறைக்கும் கறுப்புத் துணி தேடவில்லை. வெள்ளை! விளக்கொளியிலே பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் வெள்ளை!

“துணிதானே, இதற்கு இத்தனை முழக்கமா?” என்பார் உளர். ஆண்டைகளுக்குத் தெரிந்தது இவர்களுக்குத் தெரியவில்லை. 1739இல் தென் கரோலினாவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1740இல் சட்டம் வந்தது. அடிமை எழுதக் கற்கலாகாது, கூட்டம் கூடலாகாது, நல்ல துணி உடுத்தலாகாது! இன்னின்ன முரட்டுத் துணி மட்டுமே என்று பெயர் குறித்துப் பட்டியல்; மீறினால் உடையைப் பறித்துக்கொள்ளக் காவலருக்கு அதிகாரம். நமக்கு இது கேளாத கதையா? 1930இல் இராமநாதபுரம் வட்டாரத்திலே ஆதிதிராவிடர்மீது ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடைகளை விதித்தபோது, சட்டை, கோட்டு, பனியன் மூன்றுக்கும் தடை. முழங்காலுக்குக் கீழே துணி இறங்கவும் தடை. வெறுந்துணிக்கா இத்தனை அச்சம்?

வேறொரு தோழர் எழுகிறார். “வயிறு காயும் உலகில் ஒய்யாரம் எதற்கு? அதுவும் வெள்ளைக்காரன் கோட்டு!” நேர்மையான கேள்வி, மழுப்பமாட்டேன். 2025 மே மாதம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலே, கறுப்பின ஒய்யாரத்தின் வரலாற்றைக் காட்டும் கண்காட்சி திறக்கப்பட்டது. மோனிக்கா மில்லர் 2009இல் எழுதிய ஆய்வு நூல் அதற்கு அடிப்படை. நல்ல பணி. ஆனால் திறப்பை ஒட்டிய விருந்துக்கு நுழைவுச்சீட்டு 75,000 டாலர்! அந்தச் சீமான்கள் கூட்டத்துக்காக நான் வாதாட வரவில்லை. என் வாதம் இரவலாய் இசை விடுதியில் நின்ற பெண்ணுக்காக, தனக்கென அளவெடுத்துத் தைத்த ஒரே சட்டைக்காகக் காசு சேர்க்கும் தொழிலாளிக்காக. கோட்டு எவன் கண்டுபிடித்தது என்று கேட்பவர்கள், அம்பேத்கர் கோட்டணிந்து நின்றபோது எவருக்கெல்லாம் எரிந்தது என்பதையும் கேட்டுப் பார்க்கட்டும்.

“பருமன் நோயாயிற்றே” என்பார் இன்னொருவர். நோயென்றால் மருத்துவரிடம் போவான். தெருவின் கேலிக்கு மருத்துவப் பட்டம் யார் கொடுத்தது?

இனி, அந்தக் கோட்டுக்கு நேர்ந்த கதியைச் சொல்லவேண்டும். மறைத்தால் நான் பொய்யன்.

பென்ட்லி 1937இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குச் சென்றார். அங்கே அவர் காற்சட்டை அணிந்து பாட, விடுதிக்காரர் காவல்துறையிடம் தனி அனுமதி பெறவேண்டியிருந்தது. பெண்ணின் இரு கால்களுக்குத் துணி போடத் துரைத்தனத்தின் முத்திரை! 1943 சூனில் அதே நகரத்திலே, அகன்ற தோளும் தொளதொளத்த காற்சட்டையுமாக ‘சூட் சூட்’ அணிந்த மெக்சிகோ வம்சத்து இளைஞர்களையும் கறுப்பின இளைஞர்களையும் கடற்படை வீரர்கள் துரத்திப் பிடித்து, அடித்து, நடுத்தெருவில் உடையை உரித்தார்கள். போர்க்காலத்தில் கம்பளித் துணியை வீணாக்கினார்களாம்! பிறகு மெக்கார்த்தியின் காலம். எவர் வீட்டில் எவர் படுக்கிறார் என்று அரசாங்கம் துப்பறிந்தது. 1953இல் ஒருபால் விருப்பினரை நடுவண் அரசு வேலையிலிருந்து விலக்க ஆணையே பிறந்தது.

1952 ஆகஸ்டில் ‘எபனி’ ஏட்டிலே பென்ட்லியின் கட்டுரை வந்தது. நான் மீண்டும் பெண்ணானேன் என்பது தலைப்பு. ஹார்மோன் மருந்து உட்கொண்டாராம், திருந்தினாராம், மணம் புரிந்தாராம். கூடவே படங்கள்: கவுன் உடுத்தி, படுக்கையைச் சீர்செய்து நிற்கும் இல்லத்தரசி! முப்பதாண்டு காலம் சிரிப்பை வென்ற மேனியை, அச்சம் வென்றது. கோழை என்று அவரைக் கூற எனக்கு வாய் எழவில்லை. பிழைப்பைப் பறிப்போம் என்று ஓர் அரசாங்கமே மிரட்டும்போது நிமிர்ந்து நின்றவர் எத்தனை பேர்? இறுதியில் கிறித்தவ சபையில் போதகராகப் பயின்றார். அப்பணியை ஏற்குமுன்னே, 1960 சனவரி 18ஆம் நாள், 52ஆம் வயதில் மறைந்தார்.

அதே சனவரி 18இல், 2022ஆம் ஆண்டு, மற்றொரு பேருருவம் சாய்ந்தது. (சோதிடர்கள் இதிலே பலன் தேடட்டும், நமக்கு வேறு வேலை இருக்கிறது.) ஆந்த்ரே லியோன் டாலி, ஆறடி ஆறங்குலம். பல்கலைக்கழகத்திலே துப்புரவு வேலை செய்த பாட்டியின் வளர்ப்பு. சிறுவனாக ஆடை இதழ் வாங்க நடந்து போனபோது வெள்ளை மாணவர்கள் கல்லெறிந்தார்கள். அந்த ‘வோக்’ இதழுக்கே 1988இல் படைப்பாக்க இயக்குநரானார்! பாரிசின் நாகரிகச் சீமாட்டிகளோ முதுகுக்குப் பின்னே கொரில்லாவின் பெயரைச் சூட்டிச் சிரித்தார்கள். வயதேற உடல் பெருத்தது, டாலி ஒடுங்கவில்லை. தரையைத் தொடும் அங்கிகள், கடலலைபோல் புரளும் நீண்ட போர்வைகள் என்று, உடம்பின் அளவுக்கு மேலும் அளவு கூட்டினார். 2025 விருந்திலே நடிகர் கோல்மன் டொமிங்கோ நெடிய நீலப் போர்வையோடு படியேறியபோது, பார்த்தவர்கள் டாலியை நினைத்தார்கள்.

பென்ட்லிக்கு அத்தகைய விருந்து எதுவும் நடக்கவில்லை. வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்திலே ஓர் அஞ்சலட்டை இருக்கிறது. 1940களின் பிற்பகுதியில், தம்மை விளம்பரம் செய்ய அவர் அச்சிட்டது. வெள்ளைக் கோட்டு, பட்டுத் தொப்பி, முகமெல்லாம் சிரிப்பு. உடம்பைச் சிறிதாக்கிக் காட்டும் முயற்சி அதிலே எள்ளளவும் இல்லை. தோழர்களே, மன்றத்திலே ‘பூசணி’ என்று நீங்கள் அழைக்கும் அந்த நண்பனிடம் இப்படத்தைத் தேடி எடுத்துக் காட்டுங்கள். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.